தலையில் அடிபட்ட பையனை அன்றிரவே மறுபடி இறக்காதீர்கள்: நெல்லைச் சீமைக் கபடிக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கும், நடுவர்களுக்கும், அணியை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக வரும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

கோயில் கொடை சீசன் வந்துவிட்டது. நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை, சாத்தான்குளம், ஆலங்குளம் என்று எந்தப் பக்கம் போனாலும் சுவரில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' போஸ்டர் ஒட்டியிருக்கிறது. முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை யார் நினைவாக, அன்பளிப்பு யார், எத்தனை மணிக்குள் அணிகள் பெயர் கொடுக்க வேண்டும், நடுவர் தீர்ப்பே இறுதியானது. எல்லாம் இருக்கும். தலையில் அடிபட்டவனை என்ன செய்வோம் என்று மட்டும் இருக்காது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான்: தலையில் அடிபட்டு ஒரு நொடியாவது தடுமாறிய வீரரை அன்றிரவு மறுபடி களத்தில் இறக்காதீர்கள். அடுத்த மூன்று வாரத்துக்குப் போட்டியிலும் சேர்க்காதீர்கள். இதற்கான காரணம் மண்டையோட்டுக்குள்ளே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். காரணம் புரியாமல் எழுதி வைத்த விதி இறுதி ஆட்டத்தில் ஸ்கோர் இருபதுக்கு இருபது என்று நிற்கும்போது தாங்காது.

என்னைப் பற்றி ஒரு வரி. பாளையங்கோட்டையில் மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. படிக்கிற காலத்தில் எங்கள் ஊர் அணிக்கு இடது கார்னரில் நின்றவன். இந்த மண்ணில் கபடிக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் நம் மணத்தி கணேசன் இருந்தார் என்பதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். ஆட்டத்தைக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆடுகிறவன் நாற்பது வயதிலும் தெளிவாக இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

சரி, மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மூளைக்குள் ஓடும் மிகச் சிறிய ரத்தக் குழாய்களைத் தந்துகிகள் என்கிறோம். ஒன்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது; சிவப்பணுக்கள் ஒற்றை வரிசையாகத்தான் நுழைந்து போக முடியும். ஆனால் ஒருவருடைய மூளையில் இருப்பவை அத்தனையையும் சேர்த்து நீட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். இங்கிருந்து சென்னை போகிற தூரம். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தை இந்தக் குழாய்கள் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் குழாய்களின் சுவர் உடம்பின் மற்ற இடங்களில் இருப்பது போன்றது இல்லை. 1885இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்திப் பார்த்தார். உறுப்பெல்லாம் சாயம் ஏறியது, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. அவரிடம் பணிபுரிந்த எட்வின் கோல்ட்மன் 1913இல் மாற்றிச் செய்தார்: மூளையைச் சுற்றியுள்ள நீரில் சாயத்தை விட்டார். மூளை சாயமேறியது, உடம்புக்குப் போகவில்லை. நடுவில் எது தடுக்கிறது என்பதை 1967இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். குழாயின் உட்புறத்தில் வரிசையாக அமைந்த எண்டோதீலியச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. கிளாடின்-5, ஆக்லூடின் என்ற புரதங்கள்தான் அந்தப் பிணைப்பு. அதற்கு வெளியே அடித்தளச் சவ்வு, அதில் பதிந்த பெரிசைட் செல்கள், அதற்கும் வெளியே, நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதங்கள். எல்லாம் சேர்ந்ததைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம். குளுக்கோஸ் மாதிரி வேண்டியதைத் தேர்ந்து உள்ளே விடும். ஆல்புமின், ஃபைப்ரினோஜன் போன்ற ரத்தப் புரதங்களை விடாது. ரத்தத்தில் இருக்க வேண்டியவை அவை. மூளைத் திசுவுக்குள் புகுந்தால் கெடுதல் செய்யும்.

இந்தத் தடுப்பு விசையை உணரக்கூடியது. கபடிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. ரத்தம் ஓடும்போது குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த உரசல் அந்தச் செல்களுக்கு வேண்டும். ஆய்வகத்தில் அவற்றை அசையாத திரவத்தில் வளர்த்தால் பிணைப்பு தளர்வாக இருக்கிறது. உடம்பில் இருப்பது போன்ற ஓட்டத்தைக் கொடுத்தால் இறுகுகிறது, கசிவு குறைகிறது. செல்லின் மேற்சவ்வில் பியசோ1 என்ற அயனி வாயில் இருக்கிறது. உரசலையும் இழுவையையும் அது உணர்ந்து செல்லுக்குள் சேதி அனுப்புகிறது. பியசோ வாயில்களை 2010இல் கண்டறிந்த ஆர்டம் படபூட்டியனுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு, டேவிட் ஜூலியஸோடு சேர்த்துக் கிடைத்தது. நாடி துடிக்கும் ஒவ்வொரு தடவையும் குழாய் சற்றே விரிந்து சுருங்குகிறது. அதுவும் பழகிய விசைதான். ஆக, பையன் ஓடுவதாலோ மூச்சுப் பிடித்துப் பாடுவதாலோ மூளைக்குக் கேடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கேடு வருவது விசையின் அளவும் வேகமும் எல்லை தாண்டும்போது.

1943இல் ஹோல்போர்ன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர், மூளை வடிவத்தில் ஜெலட்டின் வார்த்து, தலையில் அடி விழும்போது உள்ளே என்ன நடக்கும் என்று ஆராய்ந்தார். அவர் கண்டது இன்றும் பாடம். மூளை கிட்டத்தட்ட நல்ல இளநுங்கின் பதம். எல்லாப் பக்கமும் அடைபட்டு இருக்கும்போது அமுக்கத்தைத் தாங்கும். ஒரு பகுதி இன்னொரு பகுதியின் மேல் பக்கவாட்டில் சறுக்கினால் தாங்காது. தலை நேராக முட்டுவதைவிட, வெடுக்கென்று சுழல்வதுதான் அந்தச் சறுக்கலை உண்டாக்குகிறது. மண்டையோடு முதலில் திரும்பும், மூளை பின்தங்கித் திரும்பும். நடுவில் அடுக்கடுக்காக இழுபடும். மூளையின் ஆழமான மடிப்புகளின் அடியிலும், சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லையிலும் அந்த இழுவை அதிகமாக விழுகிறது. ரத்தக் குழாய் சுற்றியுள்ள திசுவைவிட விறைப்பானது. மென்மையான திசு ஒரு பக்கம் போக, விறைப்பான குழாய் அதே அளவு நகர முடியாமல் இழுபட, மாட்டிக்கொள்வது அந்த எண்டோதீலியச் செல்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூளைத் திசுவை மெதுவாக இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். சில மில்லிநொடிக்குள் இழுத்தால் விறைத்துக்கொள்ளும், சேதமும் கூடும். மொத்த அணியும் மேலே விழுந்து அமுக்கினாலும் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போகிற பையன், எதிர்பாராமல் பக்கவாட்டில் வந்த ஒரே டேஷில், அதாவது உடம்பால் மோதித் தள்ளுவதில், நிலைகுலைவது இதனால்தான். டேஷ் வருவதைக் கண்டிருந்தால் கழுத்தை இறுக்கியிருப்பான், தலை இவ்வளவு சுழன்றிருக்காது. ஹெல்மெட் மாதிரி ஏதாவது மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். மண்டையோடு உடைவதை அது தடுக்கும்; தலை சுழல்வதை அவ்வளவாகத் தடுக்காது. செம்மண் களத்துக்குப் பதில் மேட் விரித்தாலும் அப்படித்தான். விழுகிற அடி குறையும், ஆளோடு ஆள் மோதுகிற அடி அப்படியே இருக்கும்.

இழுபட்ட செல்லில் அடுத்து நடப்பதைக் கேளுங்கள். கால்சியம் திடீரென்று உள்ளே பாய்கிறது. செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகள் சுருங்கி, பிணைப்புகளை உள்ளேயிருந்தே இழுக்கின்றன. சில மணி நேரத்தில் எம்எம்பி-9 போன்ற நொதிகள் பெருகி அடித்தளச் சவ்வை அரிக்கின்றன. பெரிசைட்டுகள் விலகுகின்றன, ஆஸ்ட்ரோசைட் பாதங்கள் வீங்குகின்றன. அடி விழுந்தது ஒரு நொடியில். அது கிளப்பிவிட்ட வேலை நாள் கணக்கில் நடக்கிறது. எலிகளில் செய்த சோதனைகளில், தடுப்பு முதல் சில மணி நேரத்தில் ஒரு தடவையும், மூன்றாம் நாள் வாக்கில் இன்னொரு தடவையும் கசிவதைப் பார்த்திருக்கிறார்கள். பையன் எழுந்து நின்று 'ஒண்ணுமில்ல' என்று சொல்கிற நேரத்தில் இதெல்லாம் ஆரம்பித்துத்தான் இருக்கும்.

போன ஆடியில் ஒரு கொடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊரிலும் நடப்பதுதான். கால் இறுதி ஆட்டம். பாடப் போன பையன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிக் குப்புறப் பாய்ந்தான். குறுக்கே வந்த கவர் ஆட்டக்காரரின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது, தலை ஒரு பக்கமாகத் திரும்பி மண்ணில் விழுந்தது. கை கோட்டைத் தாண்டியிருந்ததால் இரண்டு புள்ளி. மைக்கில் அவன் பெயரைச் சொல்லி யாரோ அன்பளிப்பு அறிவித்தார்கள். பையன் எழுந்தான். எழுந்து நேராக எதிரணி பக்கம் போய் அவர்கள் வரிசையில் நின்றான். கூட்டம் சிரித்தது. அவனுடைய ஆட்கள் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போய், முகத்தில் தண்ணீரை அடித்து, பிடரியில் ஸ்ப்ரே அடித்தார்கள்.

"ஏலே, என்னல செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. லேசா கிறுகிறுங்கு."

அடுத்த ரைடுக்கு அவனையே அனுப்பினார்கள். நான் கமிட்டி மேசைக்குப் போய்ச் சொன்னேன். "சின்ன அடிதான் சார், பையன் நல்லாத்தான் நிக்கான்" என்றார்கள். அரை இறுதி ராத்திரி இரண்டு மணிக்கு. அதிலும் அவன்தான் பாடினான், அதிலும் கீழே விழுந்தான். விடியும் முன்பே பைக்கை எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலை வழியாக வீட்டுக்குப் போய்விட்டான்.

கமிட்டிக்காரர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ரத்தம் வந்தால் அவர்களே ஓடி வந்து தூக்கியிருப்பார்கள். முழங்கை பிசகியிருந்தால் கட்டுப் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். தலைக்குள் இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தெரிந்த ஒன்று அங்கே இருந்தது: பையன் தன் அணி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றான். கூட்டம் சிரித்ததே, அதுதான் அறிகுறி. அவனை வெளியே உட்கார வைக்க அதற்கு மேல் எந்தச் சோதனையும் தேவைப்பட்டிருக்காது.

தடுப்பு கசிந்தால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். இஸ்ரேலில் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் அலோன் ஃப்ரீட்மன் குழுவினர் இதில் பல வருடம் உழைத்திருக்கிறார்கள். கசிந்து வந்த ஆல்புமின் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்குள் புகுந்து டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையைக் கிளப்புகிறது; அதனால் அக்கம்பக்கத்து நரம்புச் செல்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்குப் போகின்றன; விலங்குகளில் இது வலிப்பு வரை கொண்டுபோகிறது. ஃபைப்ரினோஜன் கசிந்தால் மைக்ரோகிளியா என்ற மூளையின் காவல் செல்கள் உசுப்பிவிடப்பட்டு அழற்சி உண்டாகிறது. அதே குழு 2014இல் அமெரிக்கக் கால்பந்து (ஆளோடு ஆள் மோதி ஆடும் ஆட்டம்) ஆடுபவர்களைச் சிறப்பு எம்ஆர்ஐ முறையில் சோதித்து, அவர்களில் சிலருக்குத் தடுப்பு கசிவதைக் காட்டியது. தடுப்பு சரியாக இருந்தால் மூளைத் திசுவுக்குள் போகக்கூடாத கெடோலினியம் என்ற பொருளை ஊசியில் ஏற்றி, அது உள்ளே கசிகிறதா என்று பார்க்கும் முறை அது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். "சிடி ஸ்கேன் எடுத்தாச்சு, நார்மல்" என்றவுடன் அடுத்த வார ஆட்டத்துக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறோம். சிடி ஸ்கேன் ரத்தக்கசிவைக் காட்டும், எலும்பு முறிவைக் காட்டும். உயிரைக் காப்பாற்றும் ஸ்கேன் அது. டாக்டர் சொன்னால் கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனால் இந்தத் தடுப்பின் நுண்ணிய கசிவை அது காட்டாது. நார்மல் என்பதற்கு 'உடனே அறுவை சிகிச்சை தேவையில்லை' என்ற அளவில்தான் பொருள். ஆடலாம் என்ற அனுமதி அதில் இல்லை.

வருடக்கணக்கில் அடி வாங்கியவர்கள் கதை வேறு. 1928இல் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டைக்காரர்கள் சிலர் பின்னாளில் தள்ளாடி நடப்பதையும் புத்தி மந்தமாவதையும் பற்றி எழுதினார். 2005இல் பென்னட் ஒமலு என்ற நோய்க்கூறியல் மருத்துவர், 2002இல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் கண்ட சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோயைப் பற்றி வெளியிட்ட பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த நோயின் அடையாளம் எங்கே தெரிகிறது தெரியுமா? மூளை மடிப்புகளின் அடியில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி. தலை சுழலும்போது இழுவை அதிகமாக விழுகிறது என்று மேலே சொன்னேனே, அதே இடம். கபடி ஆடினால் இந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆறாத இடத்தில் மறுபடி மறுபடி அடி விழக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அன்றிரவே ஏன் இறக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது கபடிக்கென்றே உள்ளது. சாதாரணமாக உடம்பின் ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் மூளைக் குழாய்கள் தாங்களாகவே சுருங்கி விரிந்து, தந்துகிகளுக்குப் போகும் ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். தலையில் அடிபட்டவர்களுக்கு இந்தத் திறன் சில நாட்களுக்குக் குறைந்துபோவதைப் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ரைடரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் பாட வேண்டும். பிடிபட்டால் அதே மூச்சில் மூன்று நான்கு பேரை இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போக முக்கித் திமிற வேண்டும். அப்படி முக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று உச்சிக்கு ஏறும். சீராக்கும் திறன் குறைந்த மூளையில் அந்த அழுத்தம் ஏற்கெனவே இழுபட்டுக் கிடக்கும் தந்துகிகள் வரை போய் இடிக்கும். அதற்கு மேல் இரண்டாவது அடியும் விழுந்தால்? அரிதாகத்தான் என்றாலும், முதல் அடி ஆறும் முன் இரண்டாம் அடி பட்டு, மூளை வேகமாக வீங்கி, இளம் வீரர்கள் உயிரிழந்தது பதிவாகியிருக்கிறது.

நம் ஊர்ப் போட்டியின் அமைப்பே இரண்டாம் அடிக்கு வழி செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாக் அவுட் முறை, ஒரே ராத்திரி. பத்து மணிக்கு முதல் சுற்றில் அடிபட்டவன், ஜெயித்தால் பன்னிரண்டு மணிக்கு, மறுபடி ஜெயித்தால் இரண்டு மணிக்கு, விடியும்போது இறுதி ஆட்டம். தூக்கம் இல்லை, உடம்பு அசந்துவிடும், கழுத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும். நன்றாக ஆடுகிற பையன்தான் அதிக ஆட்டம் ஆடுகிறான், அவன் தலைக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

தடுப்பு திறந்தால் மூடவே மூடாது என்று பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. மூடும். டொராண்டோவில் மருத்துவர்கள் மூளைக்கு மருந்து செலுத்துவதற்காக வேண்டுமென்றே இதைத் திறக்கிறார்கள்: ரத்தத்தில் நுண்குமிழிகளை விட்டு, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் அல்ட்ராசவுண்ட் அலையைக் குவிக்கிறார்கள். குமிழி அதிர்ந்து குழாய்ச் சுவரை மெல்லத் தள்ள, தடுப்பு திறக்கிறது. 2015இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். ஒரு நாளுக்குள் அது மூடிவிடுகிறது. அளந்து கொடுத்த மெல்லிய விசை அது. முழங்கால் மோதும் விசையை யாரும் அளந்து கொடுப்பதில்லை. அதனால் ஆறுவதற்கும் அதிக நாள் தர வேண்டியிருக்கிறது. நேரம் கொடுத்தால் பெரும்பாலான பையன்கள் முழுசாகத் தேறிவிடுகிறார்கள். நான் உங்களிடம் கேட்பது அந்த நேரத்தைத்தான்.

இனி நடைமுறை.

உலக அளவில் விளையாட்டு மருத்துவர்கள் 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி எடுத்த முடிவில், தலையதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்கே திரும்ப இறக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லிய ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பிரிட்டனில் 2023இல் உள்ளூர் விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டி, 21 நாளுக்கு முன் போட்டியில் இறங்கக்கூடாது என்கிறது. பெரிய ஸ்டேடியங்களை மனதில் வைத்து எழுதியதில்லை அது; டாக்டர் பக்கத்தில் இல்லாத ஊர் மைதானங்களுக்காக எழுதியது. நமக்கு அப்படியே பொருந்தும்.

அறிகுறி பார்க்க டாக்டர் வேண்டாம். வெறித்த பார்வை, கேட்டதற்குத் தாமதமாகப் பதில், நடையில் தள்ளாட்டம், தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது, விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்பது. கேள்வி கேட்டும் பார்க்கலாம். "உன் பேரென்ன?" என்று கேட்காதீர்கள், தலையில் அடிபட்டவனும் பேரைச் சரியாகச் சொல்லிவிடுவான். இது எந்த ஊர் மைதானம், இப்போது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசிப் புள்ளி யார் எடுத்தது, போன ஆட்டம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் மேடக்ஸ் என்பவர் 1990களில் சோதித்து வகுத்த கேள்விகள் இந்த மாதிரிதான். புதிதாக நடந்ததை மூளை பதிவு செய்கிறதா என்று காட்டும். ஒரு பதில் தப்பினாலும் வெளியே. எல்லாப் பதிலும் சரி, ஆனால் பையன் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது என்றாலும் வெளியே.

முடிவெடுக்கும் பொறுப்பை அவன் அணியிடம் விடாதீர்கள். தன் அணி ஜெயித்தாக வேண்டும் என்று நிற்கிற பயிற்சியாளரால் அந்த நேரத்தில் நிதானமாகப் பார்க்க முடியாது. பையனும் 'முடியும்' என்றுதான் சொல்வான், ஊர் மானம் அவன் தோளில் இருக்கிறது. கமிட்டி மேசையில் இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத ஒருவரை, முடிந்தால் ஊரில் இருக்கும் நர்ஸையோ பிசியோதெரபி படித்தவரையோ, இதற்கென்றே உட்கார வையுங்கள். அவர் வெளியே என்றால் வெளியே. அந்த அணிக்கு மாற்று ஆளை இறக்க அனுமதி கொடுங்கள், அந்த மாற்றத்தை வழக்கமான மாற்று எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். தண்டனை இல்லை என்றால் யாரும் அடியை மறைக்க மாட்டார்கள்.

நடுவர் அண்ணாச்சிமாருக்குத் தனியாக ஒன்று. ரைடரைக் கை, கால், உடம்பு தவிர வேறு எங்கேயும் பிடிக்கக்கூடாது என்று கபடி விதியிலேயே இருக்கிறது. கழுத்தைச் சுற்றிக் கை போடுவது, வாயைப் பொத்துவது, காயம்படும்படி மூர்க்கமாகப் பிடிப்பது, கத்தரிப் பிடி எல்லாம் தப்பாட்டம். புது விதி எதுவும் வேண்டாம், இருப்பதற்கு விசில் அடித்தால் போதும். முதல் ஆட்டத்தில் முதல் கழுத்துப் பிடிக்கே அடித்துவிட்டால் அன்றிரவு முழுக்க அணிகள் அடங்கி ஆடும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இன்னும் ஒன்று. இப்போது நம் பக்கம் பெண்கள் அணிகளும் நிறைய வருகின்றன. ஒரே ஆட்டத்தை ஆண்களும் பெண்களும் ஆடும் விளையாட்டுகளில் பெண்களுக்குத் தலையதிர்ச்சி கூடுதலாக வருவதாகத் தெரிகிறது. அவர்கள் ஆட்டம் என்றால் கவனம் சற்றுக் கூடவே இருக்கட்டும்.

வெளியே உட்கார வைத்த பையனைத் தனியாக விடாதீர்கள். பைக் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒருவர் கூடப் போய், அம்மாவிடமோ அண்ணனிடமோ நடந்ததை நேரில் சொல்ல வேண்டும். ராத்திரி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் குடிக்கக் கொடுக்கவே கூடாது. மருந்துக் கடையில் கேட்டு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ கொடுக்க வேண்டாம், உள்ளே ரத்தக்கசிவு இருந்தால் அது கூடிவிடும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், கண்ணின் பாப்பா ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிவது, பேச்சுக் குழறல், கை கால் மரத்துப்போவது, கழுத்தெலும்பில் வலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ, மூளை அறுவை மருத்துவர் இருக்கும் வேறு பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். கழுத்து வலி இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளை அசைக்காதீர்கள். பாய்ந்து வந்து தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பாசக்காரத் தம்பிமார்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இதற்கெல்லாம் செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி, ஒரு ஆள், மைக்கில் ஒரு அறிவிப்பு. பரிசுத்தொகையில் பத்துப் பைசா குறையாது.

எங்கள் மாணவர்கள் சிலர் இதற்குத் தயாராக இருக்கிறார்கள். எந்த ஊர்க் கமிட்டி கேட்டாலும், போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம் வந்து நடுவர்களுக்கும் அணித் தலைவர்களுக்கும் அறிகுறி பார்க்கவும் கேள்வி கேட்கவும் சொல்லிக்கொடுப்போம். போட்டி ராத்திரியில் மேசையில் உட்காரவும் ஆள் தருவோம். கூப்பிட்டால் வருவேன், நானும் உட்காருவேன்.

இந்த வருட நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்கும் முன், நிபந்தனைகள் இருக்கும் இடத்தில், 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்பதற்குக் கீழே இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்: 'தலையில் அடிபட்டுக் கமிட்டியால் வெளியேற்றப்பட்ட வீரர், அன்றைய எந்த ஆட்டத்திலும் மீண்டும் களமிறங்க அனுமதி இல்லை, அவருக்குப் பதில் மாற்று வீரர் அனுமதிக்கப்படுவார்.'

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து
ஓர் உடலியங்கியல் ஆசிரியர், பழைய இடது கார்னர்